கருவூர்ச் சாசனமும் ஏற்றத்தாழ்வின் பிறப்பும்

விசுவகர்ம குலத்தவராகிய நம் கூட்டங்களிற் குலப்பெருமை பேசுவோர், கருவூர்ப் பசுபதீசுவரர் கோயிற் கல்வெட்டொன்றைத் தவறாது எடுத்துக்காட்டுவர். கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டம் பூண்ட வேந்தன், வெங்கால நாட்டுக் கண்மாளர்க்கு விடுத்த ஓலையாகும் அது. தன் 15-ஆம் ஆட்சியாண்டின் ஆடித்திங்கள் முதல், கண்மாளர் தம் மணவினையிலும் பிணவினையிலும் இரட்டைச்சங்கு ஊதுவித்துப் பேரிகை கொட்டுவிக்கலாம், வெளிச்செல்லுங்கால் செருப்பணியலாம், தம் வீடுகட்குச் சாந்து பூசலாம் என அவன் ஆணையிட்டான்.

பெருமையே, ஐயமில்லை. ஆயின், ஆணை பிறந்தது தடை இருந்தமையால் அன்றோ? கோயில் சமைத்த சிற்பி, உளியைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வீடு திரும்பினான். அவ்வீட்டின் சுவரிலும் சாந்தில்லை. அத்தடை எங்கிருந்து வந்தது என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

மக்களிடை ஏற்றத்தாழ்வு தோன்றியது எதனால், இயற்கை விதி அதற்கு இடந்தருமோ என்று பிரான்சு தேசத்துத் திஜோன் நகரக் கழகத்தார் 1753-ஆம் ஆண்டில் ஒரு வினா விடுத்துப் பரிசும் அறிவித்தனர். ஜினீவா நகரத்தவராகிய ரூசோ என்பார் அதற்கு எழுதிய விடை 1755-இல் நூலாக வெளிவந்தது. உடல்வலி, வயது, அறிவு முதலியவற்றால் வரும் வேற்றுமை ஒன்று. மக்கள் தம்முள் உடன்பட்டு ஏற்படுத்திக்கொண்ட வேற்றுமை மற்றொன்று என அவர் பகுத்தார். பின்னதற்கு வித்திட்டவை இரும்புத் தொழிலும் உழவும் என்பது அவர் துணிபு. கொல்லனுக்குச் சோறிட உழவன் மிகுதியாக விளைத்தான், நிலம் பங்கிடப்பட்டது, வேலியிட்டவன் உடையவனானான், உடையவரைக் காக்கச் சட்டம் எழுந்தது. நம் உலைக்களத்தை அவர் இவ்வாறு வழக்குமன்றில் ஏற்றியது நம்மனோர்க்கு நகை விளைப்பதே!

நிற்க. அவ்வுலைக்களம் கொங்குநாட்டிலேயே உண்டு. நொய்யற் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதலாக நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்புருக்கிய உலைகளும், மணி அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களும், தமிழெழுத்திற் பெயர் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்துப் பாடிய புலவரும் அவ்வூரை அறிவர். அங்குள்ள ஈமக்குழிகளிற் சில மணிகளால் நிறைந்தவை, சில வறியவை. செல்வ வேற்றுமை அன்றே இருந்தது என்பது இதனாற் பெறப்படும். கைத்தொழிலாளன் செருப்பணியலாகாது என்னும் விதிக்கோ அங்குச் சான்று யாதுமில்லை.

இவ்விடத்து ரூசோவின் கூற்று நமக்குப் போதாது. பெட்டி நிறையப் பொன் வைத்திருந்த தட்டானும் வேந்தன் ஓலையின்றிச் செருப்பணியலாகாதெனின், அத்தாழ்வு வறுமையால் வந்ததன்று. பிறப்பின்மேல் ஏற்றப்பட்ட வழக்கால் வந்தது. அவ்வழக்கும் இயற்கையன்று. என்னை? ஆனித்திங்கள் வரை செருப்புக்குத் தகாத கால், ஆடி பிறந்ததும் தகுதி பெற்றது. இடையே அக்காலிற் புதிதாக முளைத்தது ஒன்றுமில்லை. பிறப்பால் மக்கள் ஒத்தவரென்றும், செய்யுந் தொழிலின் திறத்தாலேயே சிறப்பு வேறுபடுமென்றும் வள்ளுவர் பிரித்துரைத்ததை நாம் மேடைதோறும் முழங்குகின்றோம். எனினும் இச்சாசனத்தைக் காட்டி, நாம் ஏனையோரினும் மேம்பட்டவர் என்று சாதிப்பாரும் நம்முள் உளர். அவர்க்கு ஒன்று சொல்வோம்.

அவ்வோலை கண்மாளரை மட்டுமே விளித்து எழுதப்பட்டது. நமக்குப் பேரிகை கொட்டுவிக்கும் உரிமை வந்தது. கொட்டியவர்க்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் செருப்பணிந்தோம், அதனைத் தைத்துக் கொடுத்தவர் வெறுங்காலோடே நின்றார். அவர்க்கென எழுதப்பட்ட ஓலை 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவே. அதன் பின்னரும், 20-ஆம் நூற்றாண்டு முடியுங்காறும், நம் கோவை மாவட்டத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடைகள் சிலவற்றில் அவர்க்கெனத் தனிக்குவளை வைக்கப்பட்டிருந்தது. அக்கடைகளின் விசிப்பலகையில் அமர்ந்து தேநீர் அருந்தியோருள் நம்மவரும் இருந்தனர்.