கல்லும் சுனையும்

அரபு மொழியில் உள்ளத்திற்குக் ‘கல்பு’ என்று பெயர். புரளுதல், திரும்புதல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்த சொல் அது. ஒரு நிலையில் நில்லாது திரும்பும் இயல்புடையதாகலின் உள்ளம் அப்பெயர் பெற்றது என்பர் மொழியறிஞர். நம் தமிழோ, நெஞ்சு கல்லாகும் என்கின்றது. அதே நெஞ்சு இளகும், நெகிழும், உருகும் என்றும் கூறுகின்றது. இரு மொழிகளின் முன்னோரும் ஒன்றை உணர்ந்திருந்தனர்: மனித உள்ளம் இறுகக் கூடியது, இறுகியபின்னும் திரும்பக் கூடியது. திருமறையின் இரண்டாம் அத்தியாயம், கல்லினும் கடினமாகிப்போன உள்ளங்களைப் பற்றிப் பேசுமிடத்திலேயே, பிளந்து நீர் சுரக்கும் கற்களும் உண்டென்பதை நினைவூட்டுகின்றது. பொதிகைப் பாறைகளிடையே பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநையின் கரையில் வாழும் நமக்கு, கல்லிலிருந்து நீர் வருமென்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை.

ஆனால் எந்தக் கல்லையும் எவ்வாறு நெகிழ்விப்பது? தண்டனையாலா, கனிவாலா? இவ்வினாவிற்கு விடை கூறும் வரலாறொன்று நம் திருநெல்வேலிச் சீமையிலேயே நடந்துள்ளது. அதனை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

திருநெல்வேலிச் சீமை என்றதும், வாழையும் நெல்லும் செழித்த ஆற்றுப்படுகையே வெளியூராரின் நினைவிற்கு வரும். ஆற்றை விட்டுத் தெற்கே சென்றால் காட்சி மாறும். களக்காட்டிற்கும் திருக்குறுங்குடிக்கும் மேற்கே மலையும் காடும். கிழக்கே பனைமரங்களும் செம்மண் தேரியும். வானம் பொய்த்தால் வயிறு காயும் பூமி அது. பழைய நாளில் ஊர்களைக் காப்பதற்கெனக் காவல்காரர் இருந்தனர். ஊரார் அவர்களுக்குக் காவற்கூலி கொடுப்பர். களவு போனால் கண்டுபிடித்துத் தருவதோ ஈடு செய்வதோ காவல்காரர் பொறுப்பு. பாளையங்களை வென்று கும்பினியார் ஆட்சியைக் கைக்கொண்ட பின்னர், அக்காவல் முறை குற்றமெனக் கருதப்படலாயிற்று. 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்தில் புதிய போலீஸ் அமைப்பு எழுந்தது. நேற்றுவரை காவலன் என்று பெயர் பெற்றவன், இன்று ஐயத்திற்குரியவனானான்.

இதன் முடிவாக எழுந்ததே குற்றப் பரம்பரைச் சட்டம். வட இந்தியாவில் 1871-இல் தோன்றிய இச்சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்தமையே குற்றத்திற்கு அடையாளம் என்பது இதன் அடிப்படை. பதிவு செய்யப்பட்டவர்கள் விரல்ரேகை பதிக்க வேண்டும். இராக்காலத்தில் போலீஸ் நிலையத்திலோ ஊர்ச்சாவடியிலோ வந்து ஆஜராக வேண்டும். மக்கள் இதனைக் ‘கைரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். 1920-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் உயிர் துறந்தனர். 1947-இல் சென்னை மாகாணத்திலும், 1952-இல் நாடு முழுவதிலும் இச்சட்டம் ஒழிந்தது. ஒரு மனிதனைத் தீயவன் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, அவனிடம் நன்மையை எவ்வாறு எதிர்பார்ப்பது? அச்சட்டம் இக்கேள்வியைக் கேட்கவே இல்லை.

இத்தகைய எண்ணம் கோலோச்சிய காலத்தில், நம் மாவட்டத்தின் தென்பகுதியில் வாழ்ந்தவர் ஜம்புலிங்கம். இவர் பிறந்த சமூகம் அச்சட்டத்தின்கீழ் வந்தது என்று நாம் கூற வரவில்லை. அக்காலத்து அதிகாரம் மனிதனை எக்கண்ணோடு நோக்கியது என்பதைக் காட்டவே அதனை எடுத்துரைத்தோம். பொய்வழக்குகளாலும் துன்புறுத்தலாலும் காட்டை நாடியவர் இவர் என்பது, இவரை நேரில் அறிந்தவர் எழுதி வைத்த செய்தி. செல்வரிடம் பறித்து ஏழையர்க்கு ஈந்தார் என்னும் புகழ் சிற்றூர்தோறும் பரவிற்று. அவர் மறைந்தபின் நாட்டார் பாடல்கள் அவரைப் பாடின. அவர் பெயரில் திரைப்படமும் வந்தது. இருப்பினும் புகழ்ச்சியில் நாம் மயங்கிவிடலாகாது. கொள்ளை கொள்ளையே. துப்பாக்கியைக் கண்டு நடுங்கிய வீட்டாரின் அச்சத்தை எந்தக் கொடையும் ஈடு செய்வதில்லை. அநீதி அவரைக் காட்டிற்குத் துரத்தியது. காடு அவரை இறுக்கியது. இதுவே உண்மை.

அவரை நேரில் அறிந்தவர் என்றோமே, அவர் ஏமி கார்மிக்கேல் என்னும் அயர்லாந்துப் பெண்மணி. 1867-இல் பிறந்து, 1895-இல் இந்தியா வந்து, களக்காட்டை அடுத்த டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென ஓர் இல்லத்தை நிறுவி, 1951-இல் அங்கேயே கண்மூடியவர். கிறிஸ்தவ சமயப் பணிக்கென வந்தவர் அவர். அச்சமயக் கொள்கை நம் கொள்கையன்று. ஆயினும் நன்மையை யார் செய்தாலும் நன்மை என்று கூறுவது முஸ்லிமின் கடமை. நீதியாக இருக்குமாறு நமக்கு இடப்பட்ட கட்டளை, பிறரைப் பற்றிப் பேசும்போதும் நம்மைப் பிணிக்கும்.

அரசு தலைக்கு விலை வைத்துத் தேடும் ஒருவரை, அவ்வம்மையார் காட்டில் கண்டார். அறிவுரையோடு அவர் தொடங்கவில்லை. ஜம்புலிங்கத்தின் கதையை முழுதும் கேட்டார். சட்டத்தின்முன் சரணடையுமாறு வேண்டினார். போலீசாரின் கையில் படப்போகும் வதையை அஞ்சி அவர் மறுத்தபோது, அம்மறுப்பினால் உறவை முறித்துக்கொள்ளவில்லை. தாயை இழந்து நின்ற அவருடைய பிள்ளைகளின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். துப்பாக்கியால் எவரையும் கொல்லலாகாது என்று வாக்குறுதி கேட்டார், அவரும் கொடுத்தார்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திப்போம். ஒரு கொள்ளைத் தலைவனின் வாக்கிற்கு மதிப்பு உண்டு என்று கருதியவர் அந்நாளில் எத்தனை பேர்? வாக்குக் கேட்பதே ஒரு மதிப்பளிப்பு. “நீ சொன்ன சொல்லைக் காக்கக் கூடிய மனிதன்” என்று கூறாமற் கூறுவது அது. ஊரார் அவரிடம் அச்சத்தைக் காட்டினர். சிலர் புகழ்ச்சியைக் காட்டினர். அதிகாரம் வெறுப்பைக் காட்டியது. நம்பிக்கையைக் காட்டியவர் அரியர். பிள்ளைகளை ஒப்படைத்த தந்தைக்கும் அவர்களை ஏற்றுக்கொண்ட பெண்மணிக்கும் இடையே, சட்டம் எழுதாத ஓர் அமானிதம் பிறந்துவிட்டது.

பின்னர் ஜம்புலிங்கம் பிடிபட்டார். சிறைப்பட்ட காலத்திலும் அவ்வம்மையார் அவரைச் சென்று கண்டார். அங்கே அவர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். கதை இத்துடன் முடிந்திருக்குமாயின் நீதிநூலிற்கு ஏற்ற முடிவாக இருந்திருக்கும். ஆனால் வரலாறு நம் விருப்பப்படி நடப்பதன்று. சிறையினின்று அவர் தப்பிச் சென்றார். அவர் பெயரைச் சொல்லிப் பிறர் செய்த கொள்ளைகளும் அவர் தலையில் விழுந்தன. 1923-இல் அவர் சுற்றிவளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். இறுதி நேரத்திலும் அவர் தம் துப்பாக்கியை மனிதர்மீது திருப்பவில்லை, கொடுத்த சொல்லைக் காத்தார் என்று அம்மையார் பதிவு செய்துள்ளார். அவ்வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு நூலாகவே அவர் எழுதினார்.

“அப்படியாயின் கனிவு தோற்றதன்றோ?” எனச் சிலர் வினவக்கூடும். அவர் சிறையிலேயே இருந்து தண்டனையை முடித்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒன்றை எண்ணுக. கையில் ஆயுதமும், சூழ்ந்து நிற்கும் பகையும், தப்ப வழியின்மையும் ஒருங்கே கூடிய நேரத்தில், ஒரு சொல்லுக்காகக் கையை அடக்கிக்கொள்வது எளிதா? எந்தத் தண்டனை அவரிடம் அதனைச் சாதித்தது? கனிவு அவருடைய உயிரைக் காக்கவில்லை. அவர் கையால் பிற உயிர்கள் போகாமல் காத்தது. இறுகிய கல்லில் ஒரு கீற்று விழுந்து, அதன்வழியே நீர் கசிந்தது. அக்கசிவு ஆறாகப் பெருகுவதற்குள் காலம் முடிந்துவிட்டது.

இதனினும் முழுமையான எடுத்துக்காட்டை அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் காண்கின்றோம். யமாமா நாட்டின் தலைவர்களுள் ஒருவரும், பனூ ஹனீஃபா கூட்டத்தைச் சேர்ந்தவருமான ஸுமாமா இப்னு உஸால் சிறைபிடிக்கப்பட்டு, மதீனாப் பள்ளிவாசலின் தூணில் கட்டப்பட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று நாளும் அவரிடம் வந்து, அவர் உள்ளத்தில் இருப்பது யாதென வினவினார்கள். கொன்றால் பழிவாங்கப்படும் குருதியுடையவனைக் கொல்கின்றீர், உபகாரம் செய்தால் நன்றியுடையவனுக்குச் செய்கின்றீர், பொருள் வேண்டுமாயின் கேட்கலாம் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். அவருக்கு உணவும், காலையும் மாலையும் ஒட்டகைப் பாலும் அளிக்கப்பட்டதாக இப்னு ஹிஷாமின் சரித நூல் கூறும். மூன்றாம் நாள், மீட்புப் பணமோ நிபந்தனையோ இன்றி அவரை அவிழ்த்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர் ஊருக்கு ஓடவில்லை. பள்ளியை அடுத்த பேரீச்சந்தோட்டத்திற்குச் சென்று குளித்துத் திரும்பி, இஸ்லாத்தை ஏற்றார். உலகிலேயே தமக்கு மிக வெறுப்பாயிருந்த முகம் இப்போது மிக விருப்பமாகிவிட்டது என்று அவர் கூறியதை ஸஹீஹுல் புகாரீ பதிந்துள்ளது.

இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே காலமும் நாடும் சமயமும் வேறு. நபியின் செயலோடு பிறர் செயலை ஒப்புநோக்குவதும் நம் கருத்தன்று. ஆயினும் உள்ளம் திரும்பும் வழி இரண்டிலும் ஒன்றாயிருத்தல் காண்க. முதலாவது, கேட்டல்: உன் உள்ளத்தில் என்ன இருக்கின்றது என்று வினவி, விடைக்குக் காத்திருத்தல். இரண்டாவது, கைம்மாறு கருதாது ஈதல். மூன்றாவது, நம்பிக்கையை ஒப்படைத்தல். ஸுமாமாவின் கட்டை அவிழ்த்ததும், ஜம்புலிங்கத்திடம் வாக்குக் கேட்டதும் இம்மூன்றாம் படியே. முதலிரண்டைச் செய்பவர் பலர். மூன்றாவதில் தயங்கி நிற்போரே மிகுதி.

கனிவு என்பது சட்டத்தைக் கைவிடுதலன்று. ஸுமாமா தூணில் கட்டப்பட்டே இருந்தார். அவ்வம்மையாரும் சரணடையவே வேண்டினார். குற்றத்தைக் குற்றமென்று கூறிக்கொண்டே குற்றவாளியை மனிதனென்று நடத்துவதே கனிவு. மராட்டிய மண்ணில் ஔந்து என்னும் சிறு சமஸ்தானம் இருந்தது. கைதிகளைக் கம்பிக்குள் அடைத்து வையாமல், திறந்த வெளியில் குடியமர்த்தி உழுது வாழவிட்ட சோதனையொன்று அங்கே நடந்தது. அதைத் தழுவியே 1957-இல் சாந்தாராம் ஓர் இந்திப் படத்தை எடுத்தார்; 1975-இல் ‘பல்லாண்டு வாழ்க’ எனத் தமிழிலும் அது வந்தது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், தகுதியுள்ள குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடுவதற்கு நீதிமன்றங்களுக்கு வழி திறந்தது. பிறப்பைக் கொண்டு மனிதனைக் குற்றவாளியாக்கிய நாடு, குற்றவாளியையும் மனிதனாக்க முயலும் நிலைக்கு ஒரு நூற்றாண்டிற்குள் வந்ததென்பது சிறிய செய்தியன்று.

சட்டம் திறந்த கதவை ஊர் அடைத்துவிடுவதுதான் கவலைக்குரியது. பாளையங்கோட்டைச் சிறையினின்று தண்டனை முடிந்து ஒருவன் வெளிவருகின்றான் என்று கொள்வோம். அவன் பெயரோடு ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்னும் அடைமொழி ஒட்டிக்கொள்கின்றது. கடையில் வேலையில்லை, வீட்டில் பெண் கொடுப்பாரில்லை, பள்ளிவாசல் வரிசையில் அவனருகே நிற்பவரின் தோள் கூடச் சற்று விலகுகின்றது. கைரேகைச் சட்டம் ஏட்டிலிருந்து நீங்கிவிட்டது. நம் பார்வையில் அது இன்னும் நீங்கவில்லை. அவன் மீண்டும் தவறும்போது, “நாங்கள் அன்றே சொன்னோம்” என்கின்றோம். அன்றே சொன்னதுதான் இன்றைய தவறுக்குப் பாதி காரணம் என்பதை எண்ணுவதில்லை.

ஒவ்வொரு மஹல்லாவும் இதற்கு ஒரு வழி காண இயலும். வந்தவனிடம் வினவி, அவன் கூறுவதைக் கேட்க ஒரு பெரியவர். ஒரு மாதச் செலவிற்கு பைத்துல் மாலிலிருந்து ஓர் உதவி. நாள் முடிவில் கணக்கு ஒப்படைக்கும் ஒரு சிறு பணி. மூன்றாவதாகக் கூறியதை மறவாதீர்கள். தர்மம் அவன் பசியை ஆற்றும். அமானிதமே அவனை எழுப்பி நிறுத்தும். வீட்டிலும் அவ்வாறே. வழிதவறிய பிள்ளைக்குச் சோறு போட மறவாத தாய்மார் நம்மிடையே பலர். அவன் கையில் மீண்டும் வீட்டுச் சாவியைக் கொடுக்கும் தந்தையர் எத்தனை பேர்?