கங்கைக்கரை ஏடும் நம் வீட்டு ஏடும்

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாரின் அஸ்தியைக் கங்கையில் கரைப்பதற்காக ஹரித்துவாரம் சென்றிருந்தேன். தில்லியில் மத்திய அரசாங்க அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு அது அரை நாள் பயணந்தான். கரையில் எனக்கு முன்னால் ஒரு பஞ்சாபி அன்பர் நின்றிருந்தார். அவர் தம் முன்னோர் ஊரின் பெயரைச் சொன்னதும், அங்கிருந்த பண்டா, அதாவது தீர்த்தப் புரோகிதர், நீண்டு குறுகிய ஓர் ஏட்டை அவிழ்த்துப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார். அங்கே அந்த அன்பருடைய பாட்டனாரின் கையொப்பம் இருந்தது. அவர் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பின்னர் என் முறை வந்தது. எங்கள் குடும்பத்தார் எவரும் அதற்குமுன் அங்கு சென்றதில்லை. ஆகவே புதிய பக்கம் தொடங்க வேண்டியிருந்தது. தந்தை, பாட்டனார், பாட்டனாரின் தந்தை ஆகிய மூவர் பெயரையும் சொன்னேன். திதியின்போது சொல்லிப் பழகிய பெயர்கள் அவை. "அதற்கு மேல்?" என்று வினவினார் பண்டா. பிறர் எழுதியவற்றையெல்லாம் நாள்தோறும் மொழிபெயர்க்கும் எனக்கு, என் வீட்டின் நான்காம் பெயர் தெரியவில்லை.

அந்த ஏடுகளுக்குப் 'பஹீ' என்று பெயர். பரம்பரை பரம்பரையாகப் பண்டாக்கள் அவற்றைக் காத்து வருகின்றனர். ஒருவர் இன்று எங்கே வாழ்கிறார் என்பது அவற்றில் கணக்கன்று. அவருடைய முன்னோர் எந்த மாவட்டத்தினர், எந்த ஊரினர் என்பதே கணக்கு. குடும்பத்தில் ஒருவர் யாத்திரையாக வரும்போதெல்லாம் இடையில் நேர்ந்த பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைச் சொல்லி எழுதச் செய்து, கையொப்பமிட்டுச் செல்கிறார். சொத்துரிமை வழக்குகளில் இவ்வேடுகள் சான்றாகக் காட்டப்பட்டதும் உண்டு.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து இலட்சக்கணக்கானோர் வீடு, நிலம், உற்றார் அனைத்தையும் இழந்து வந்தனர். அவர்களுடைய ஊர்கள் இன்று எல்லைக்கு அப்பால் இருக்கின்றன. ஆயினும் அவ்வூர்களின் பெயரால் அமைந்த ஏடுகள் கங்கைக்கரையிலேயே இருந்தன. ஊர் போய்விட்டது, ஊரின் பக்கம் போகவில்லை. புலம்பெயர்ந்தவர்க்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறென்ன இருத்தல் கூடும்?

வம்சாவளி அறிந்தோர் ஒன்றுகூடும் சபையொன்றும் நம் நாட்டில் உண்டு. பீகாரில் மதுபனிக்கு அருகிலுள்ள சௌராத் என்னும் ஊரில், மைதிலி அந்தணர்கள் மாந்தோப்பில் கூடித் திருமணம் பேசுவது பழைய வழக்கம். பஞ்சிகாரர் எனப்படும் வம்சக் கணக்கர்கள் தங்கள் ஏடுகளைப் பார்த்து, தந்தை வழியில் ஏழு தலைமுறையும் தாய் வழியில் ஐந்து தலைமுறையும் உறவு இல்லை என்று உறுதி கூறிய பின்னரே திருமணம் முடிவாகும். இம்முறையை ஒழுங்குபடுத்தியவர் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிதிலையை ஆண்ட ஹரிசிம்ம தேவர் என்பர். அந்தக் கூட்டம் இன்று பெரிதும் சுருங்கிவிட்டது.

இவையெல்லாம் விரும்பி எழுதப்பட்ட ஏடுகள். விரும்பாமல் எழுதப்பட்டவையும் உண்டு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியவற்றைப் பட்டியலில் குறித்தார்கள். அன்பினால் எழுதியதன்று, ஆள் தப்பிவிடக் கூடாதே என்று எழுதியது. ஆயினும் அந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் இன்று அப்பட்டியல்களைக் கொண்டே தங்கள் மூதாதையரின் ஊரைத் தேடுகின்றனர்.

இனி நம் கதைக்கு வருவோம். நம் முன்னோர் தகரப் பெட்டியும் ஹோல்டாலுமாகக் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறித் தில்லிக்கு வந்தனர்; வேறு ரயில்களில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சென்றனர். அவர்கள் பெயரை யாரும் பட்டியலிடவில்லை. பயணச்சீட்டையும் நிலைய வாயிலில் வாங்கிக்கொண்டார்கள். நம்மிடம் எஞ்சியிருப்பது பெயருக்கு முன்னுள்ள ஆங்கில எழுத்து ஒன்றுதான். 'டி' என்பது திருநெல்வேலியா, தஞ்சாவூரா, திருச்சியா என்பதை இங்கே பிறந்த பிள்ளை எவ்வாறு அறியும்? போதாக்குறைக்கு, இவ்வூர்ப் படிவங்கள் நம்மிடம் இல்லாத குடும்பப் பெயரைக் கேட்கின்றன. தந்தை பெயரை அங்கே நிரப்புகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. ஒரே குடும்பம் காகிதத்தில் மூன்று குடும்பங்களாகிறது!

நம் நாட்டுக்குக் குடிவந்த ஒரு குடும்பம் இவ்வாறு அயர்ந்திருக்கவில்லை. மராட்டியத்திலிருந்து வந்து தஞ்சையை ஆண்ட போன்ஸ்லே மரபினர், இரண்டாம் சரபோஜி காலத்தில், 1803-இல், தம் வம்ச வரலாற்றைப் பெரிய கோயிலில் மராத்தி மொழியில் கல்லில் பொறிக்கச் செய்தனர். வந்து வாழும் இடத்திலேயே வந்த கதையை எழுதிவைத்தார்கள். நமக்குக் கல் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஹரித்துவாரத்திலிருந்து திரும்பிய பின், விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது முதிய அத்தையிடம் அந்த நான்காம் பெயரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "உன் பாட்டனாருக்கு அவருடைய பாட்டனார் பெயரை வைத்தார்கள், உனக்கு உன் பாட்டனார் பெயரை வைத்தோம். இதுகூடத் தெரியாதா?" என்றார். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் ஆதலால் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. பண்டா கேட்ட கேள்விக்கு விடை என் பெயராகவே இருந்திருக்கிறது. ஆனால் தில்லியில் பிறந்த என் மகனுக்கு நான் என் தந்தையாரின் பெயரை இடவில்லை. இவ்வூரார் நாவில் எளிதில் புரளும் ஒரு பெயரை இட்டேன். சங்கிலியின் ஒரு கண்ணி என் கையில்தான் விட்டுப்போயிற்று.

பெயரை இனி மாற்ற இயலாது, எழுத இயலும். அன்றிரவே அத்தை சொல்லச் சொல்ல எழுதினேன். ஆண்களின் பெயரோடு, ஏடுகள் பெரும்பாலும் விட்டுவிடும் பெண்களின் பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும் எழுதினேன். யார், எந்த ஆண்டில், என்ன வேலைக்காக வடக்கே வந்தார், முதலில் யார் வீட்டில் தங்கினார் என்பதையும் குறித்தேன். பன்னிரண்டு பக்கங்கள் ஆயின. அடுத்த ஆண்டு அத்தை காலமானார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் அத்தகைய முதியவர் ஒருவர் இருப்பார். அடுத்த விடுமுறை வரையில் காத்திராமல், இன்றே அவரிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.