நினைவு நிரம்பிய பொறிகள்

பெங்களூர் ஈஜிபுராவில் உள்ள அலுவலகம் ஒன்றில் பலருக்கும் பொதுவான கணிப்பொறி ஒன்று உண்டு. அதனைச் சர்வர் என்பர். மாத இறுதியில் அனைவரும் ஒருசேர வேலையை அதன்மீது ஏற்றும்போது, 'நினைவகம் போதவில்லை' என்று அறிவித்து அது நின்றுவிடும். அணைத்து மீண்டும் இயக்கினால் நண்பகல் வரை ஓடும். பிறகு பழைய கதைதான். அங்கு யான் செய்த மொழிபெயர்ப்புகள் இருமுறை பாதியில் அழிந்தன. புதிய நினைவகம் வாங்குவதே மருந்து என்றனர் பலர். அது மெய்தானா என்பதைக் கணிப்பொறியின் வரலாற்றைக் கேட்டு அறியலாம்.

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே வடிவமைத்த கணிப்பொறி 1960-இல் இயங்கலாயிற்று. 1962-இல் நேரு அதற்கு 'டிஃப்ராக்' எனப் பெயரிட்டார். அதன் நினைவகத்தில் 2,048 'சொற்கள்' அடங்கும். சொல் என்பது இங்கே ஓர் எண்ணை வைக்கும் அறை. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்திற்கும் அவ்விடம் போதாது.

இடநெருக்கடியைத் தீர்க்க மான்செஸ்டர் நகரத்து அறிஞர்கள் ஓர் உபாயம் கண்டனர். 1962-இல் அங்கே தொடங்கப்பெற்ற அட்லஸ் என்னும் பொறி, உடனடியாக வேண்டாதவற்றைப் பக்கம் பக்கமாகக் காந்த உருளைக்கு அனுப்பி, வேண்டும்போது திரும்ப அழைத்துக்கொண்டது. இதிலும் ஓர் இடர் இருந்தது. வேலைகள் அளவு கடந்தால், கணக்கிடுவதை விட்டுப் பக்கங்களைக் கொண்டுவருவதிலும் கொண்டுபோவதிலுமே பொறியின் பொழுது கழியும். இதன் காரணத்தைப் பீட்டர் டென்னிங் என்பார் 1968-இல் விளக்கினார்.

இவற்றினும் வியப்பானது 1969 ஜூலை 20-ஆம் நாள் நிகழ்ந்தது. அப்போலோ 11-இன் கலம் நிலவை நோக்கி இறங்குகையில் அதன் கணிப்பொறி 1202 என்னும் அபாய எண்ணைப் பலமுறை காட்டியது. எழுதி அழிக்கத்தக்க அதன் நினைவகமும் 2,048 சொற்களே! ஆயினும் குற்றம் அளவில் இல்லை. அப்போது தேவைப்படாத ராடார் ஒன்று ஓயாது குறிகளை அனுப்பிப் பொறியின் நேரத்தைத் திருடியது. அதனால் வேலைகள் முடியவில்லை. முடியாத வேலைகள் தம் இடத்தை விடவில்லை. புதியவற்றிற்கு இடமில்லாது போயிற்று. பொறி தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டு, இன்றியமையாத வேலைகளை மட்டும் தொடர்ந்தது. கலம் நலமே இறங்கியது.

ஈஜிபுராவிலும் தொழில்நுட்பர் ஒருவர் முதலில் கேட்டது, இடத்தைப் பிடித்திருப்பது யார் என்பதே. எந்த நிரல் எவ்வளவு இடம் கொண்டுள்ளது என்று மணிதோறும் குறித்துவந்தார். அறிக்கை தயாரிக்கும் நிரலொன்று ஒவ்வொரு முறையும் இடம் வாங்கித் திருப்பித் தராதிருந்தது தெரிந்தது. பெரிய நினைவகம் இருந்திருந்தால் நண்பகலில் நின்ற பொறி மாலையில் நின்றிருக்கும், அவ்வளவே. நிரலைத் திருத்திய பின், மாத இறுதியிலும் பொறி நிற்கவில்லை. நினைவகம் வாங்குவதற்கான கோப்பு மட்டும் இன்னும் மேசை மேசையாகச் சென்றுகொண்டிருக்கிறது.