சின்ன இறக்கைக்கு வேற காத்து

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியைப் பத்தினது. ரிமோட்டில் பறக்கும் மாடல் கிளைடர் ஒண்ணு செய்யப் போறீங்கன்னு வைங்க. மோட்டார் கிடையாது. கயிறு கட்டி இழுத்து மேலே ஏத்திவிட்டா, அதுக்கப்புறம் காத்து மட்டும்தான் துணை. இதுக்கு எந்த ஏர்ஃபாயில் போடணும்?

ஏர்ஃபாயில்னா பெருசா ஒண்ணுமில்லை. பிரெட்டை ஸ்லைஸ் போடுற மாதிரி விமானத்தோட இறக்கையைக் குறுக்கே வெட்டினா ஒரு வடிவம் தெரியும் இல்லையா? முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் கூராக முடியும் வடிவம். அதுதான் ஏர்ஃபாயில். அது எவ்வளவு தடிமன், எவ்வளவு வளைவு என்பதைப் பொறுத்துத்தான் இறக்கை எவ்வளவு தூக்கும், காற்று அதை எவ்வளவு பின்னால் இழுக்கும் என்பது முடிவாகிறது.

பொழுதுபோக்குக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா இதுக்கு நம்பி எடுத்துக்கிற மாதிரி விரிவான விடை கிடைக்க 1980-கள் வரைக்கும் ஆச்சு. அதுக்குள்ள மனுஷன் நிலாவுக்கே போய்ட்டு வந்துட்டான்! ஏன் இவ்வளவு தாமதம்? கடைசியில் அந்த விடையைக் கொண்டுவந்தது யார்? இந்த ரெண்டையும்தான் பேசப் போறோம்.

முதல்ல 1883-க்குப் போகணும். இங்கிலாந்தின் மான்செஸ்டர். ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் என்ற பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவில் சாயத்தை மெல்லிய கோடாக விட்டார். தண்ணி மெதுவா ஓடினப்போ சாயம் நூல் பிடிச்ச மாதிரி நேரா போச்சு. வேகத்தைக் கூட்டினதும் ஒரு கட்டத்துல கோடு கலைஞ்சு, சுழன்று, தண்ணியோட முழுசா கலந்துடுச்சு. எப்போது கலையும் என்பது வேகத்தை மட்டும் பொறுத்ததல்ல. குழாயின் அகலம், திரவத்தின் அடர்த்தி, அதன் பிசுபிசுப்பு எல்லாம் சேர்ந்த ஒரே எண் அதை முடிவு செய்கிறது என்று அவர் காட்டினார். ரேனால்ட்ஸ் எண் என்று இன்று நாம் சொல்வது அதைத்தான்.

இறக்கைக்கு இதைக் கணக்குப் போடுறது சுலபம். வேகத்தை வினாடிக்கு எத்தனை மீட்டர்னு எடுத்துக்கோங்க. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை எத்தனை மீட்டர் அகலம்னு பாருங்க. ரெண்டையும் பெருக்கி, வர்ற விடையை 70,000-ஆல பெருக்குங்க. தரைமட்டக் காற்றுக்கு ஏறக்குறைய சரியா வரும்.

ஆள் உட்கார்ந்து ஓட்டும் கிளைடர் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகிறது, இறக்கை 80 சென்டிமீட்டர் அகலம் என்றால், ரேனால்ட்ஸ் எண் கிட்டத்தட்ட 17 லட்சம். நம்ம மாடல் கிளைடர் வினாடிக்கு 8 மீட்டர், இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம். எண் 1.1 லட்சம்தான். பெரிய பயணிகள் ஜெட்டுக்கு இது கோடிகளில் இருக்கும்.

சரி, எண் குறைஞ்சா என்ன ஆகும்? இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஒன்று ஓடுகிறது. 1904-இல் லுட்விக் பிராண்டில் என்ற ஜெர்மானியர் விளக்கிய எல்லைப் படலம் அது. பெரிய இறக்கையில் இந்தப் படலம் சீக்கிரமே கொந்தளிக்க ஆரம்பிச்சிடும். கொந்தளிப்பு கெட்டதுன்னு தோணும். ஆனா கொந்தளிக்கும் படலம் மேலே ஓடும் வேகமான காத்தைத் தனக்குள்ள இழுத்துக்கிட்டே இருக்கும். அந்தத் தெம்புல, இறக்கையோட பின்சரிவு வரைக்கும் ஒட்டிக்கிட்டுப் போகும். சின்ன இறக்கையில் படலம் அமைதியா வழுக்கிக்கிட்டு வரும், பின்சரிவு வந்ததும் தெம்பில்லாம பிரிஞ்சுடும். சில சமயம் கொஞ்ச தூரம் தள்ளித் திரும்ப ஒட்டும். நடுவுல ஒரு காத்துக் குமிழி உட்கார்ந்துக்கும். சில சமயம் ஒட்டவே ஒட்டாது. குமிழி பெரிசானா இழுவை கூடும், ஒட்டலைன்னா தூக்குவிசையும் போச்சு.

அதாவது, பெரிய விமானத்தின் ஏர்ஃபாயிலை அப்படியே சுருக்கி மாடலுக்குப் போட்டால், வடிவம் அதேதான். காற்று நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

இந்தச் சிக்கல் எதிர்த்திசையிலும் வேலை செஞ்சது. 1901-இல் ரைட் சகோதரர்கள் டேட்டனில் ஒரு மரப்பெட்டியையே விண்ட் டனல் ஆக்கி, 200 வாக்கில் குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். அங்குல அளவு இறக்கைகள், மிதமான வேகம். ரேனால்ட்ஸ் எண் நம்ம மாடலைவிடவும் குறைவு. அந்த அளவில் ஜெயிப்பது மெல்லிய, வளைந்த தகடு போன்ற இறக்கைதான். அதே மாதிரி சின்ன டனல்களை நம்பி, அடுத்த பல வருஷங்களுக்குப் பெரிய விமானங்களுக்கும் மெல்லிய இறக்கையே போட்டார்கள். முதல் உலகப் போரின்போது ஜெர்மனியின் கெட்டிங்கனில் பெரிய டனல் வந்த பிறகுதான், நிஜ அளவில் தடித்த இறக்கை மேல் என்று தெரிந்தது. 1918-இன் ஃபோக்கர் டி-7 போர்விமானத்தில் அந்தத் தடித்த இறக்கையைப் பார்க்கலாம்.

இதுக்கப்புறம் ஆராய்ச்சி முழுக்கப் பெரிய எண்களை நோக்கிப் போயிடுச்சு. அமெரிக்காவின் நாகா அமைப்பு 1933-இல் 78 ஏர்ஃபாயில்களின் அளவீடுகளை வெளியிட்டது. விமானப் பொறியியலுக்கு அது பெரிய கொடை. ஆனா சோதிச்சது 30 லட்சம் வாக்கிலான ரேனால்ட்ஸ் எண்ணில். ஒரு லட்சத்தில் பறக்கிற மாடல்காரருக்கு அந்த வரைபடம் வேற ஊரு பஸ் டைம்டேபிள் மாதிரி. ஆனா கையில இருந்தது அதுதான். அதனால கிளார்க்-ஒய் மாதிரி முழு அளவு விமானங்களின் வடிவங்களையே மாடலுக்கும் வெட்டிக்கிட்டு இருந்தாங்க.

முதல் உடைப்பு ஜெர்மனியில் நடந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தம் அந்த நாட்டின் மோட்டார் விமானங்களுக்குக் கடிவாளம் போட்டது. இளைஞர்கள் கிளைடர் பக்கம் திரும்பினார்கள். 1920 முதல் வாஸர்குப்பே மலையில் ஆண்டுதோறும் போட்டி நடந்தது. கிளைடரோட சேர்ந்து மாடல் கிளைடரும் வளர்ந்தது. நாஜி ஆட்சி வந்ததும் அதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுபோனார்கள். நோக்கம் வருங்கால விமானிகளைத் தயார் பண்றதுதான். அந்தச் சூழலில் எஃப். டபிள்யூ. ஷ்மிட்ஸ் என்பவர் மாடல் அளவிலான இறக்கைகளை மாடல் வேகத்திலேயே சோதித்து, 1942-இல் ஒரு புத்தகமாக வெளியிட்டார். ஒரு தடித்த ஏர்ஃபாயில் குறிப்பிட்ட ரேனால்ட்ஸ் எண்ணுக்குக் கீழே போனதும் திடீரென்று படுத்துவிடுவதை அவர் அளந்து காட்டினார். அதே இடத்தில் மெல்லிய வளைந்த தகடு ஒழுங்கா வேலை செய்தது. இறக்கையின் முன்னால் மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டிப் படலத்தை வேண்டுமென்றே கொந்தளிக்க வைத்தால், தடித்த வடிவத்தையும் மீட்கலாம். மாடல்காரர்கள் இன்றும் இறக்கை மேல் நூலோ, பல்பல்லாக வெட்டிய டேப்போ ஒட்டுவது இதே காரணத்துக்காகத்தான்.

இந்த இடத்துல ரேடியோ கதைக்குள்ள வருது. ஆரம்ப ரிசீவர்களும் பேட்டரிகளும் செம கனம். 1937-இல் அமெரிக்காவில் ராஸ் ஹல், கிளின்டன் டிசோட்டோ என்ற இரண்டு ஹாம் ரேடியோக்காரர்கள் ரேடியோவால் கிளைடரைப் பறக்கவிட்டபோது, அந்த எடையைத் தூக்கப் பெரிய இறக்கை தேவைப்பட்டது. பிறகு எஸ்கேப்மென்ட் என்ற கருவி வந்தது. முறுக்கின ரப்பர்பேண்டுதான் அதுக்கு சக்தி. கையில ஒரே ஒரு பட்டன். ஒரு தடவை அமுக்கினா இடது, அடுத்த தடவை வலது. பாதி இடது, லேசா வலது என்ற பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட கட்டுப்பாட்டுக்குத் தானாகவே நிலையாகப் பறக்கும், மெதுவான, பொறுமைசாலி விமானம்தான் சரி. ஏர்ஃபாயிலும் அதுக்கேத்த மாதிரிதான் இருக்கணும்.

1960-களில் குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் திரும்பும் ப்ரொபோர்ஷனல் ரேடியோ பரவியது. இப்போ விமானி நிஜமாவே ஓட்ட முடிஞ்சது. எஃப்3பி என்ற சர்வதேசப் போட்டி வகை ஒரே கிளைடரிடம் மூணு வேலை கேட்டது: நேரம் தாக்குப்பிடி, தூரம் போ, வேகமா ஓடு. மெதுவாக மிதப்பதற்கு வளைவு அதிகம் வேண்டும், வேகத்துக்கு வளைவு குறைவாக இருக்க வேண்டும். சர்வோக்கள் சிறுத்து, கம்ப்யூட்டர் ரேடியோக்கள் வந்ததும் இறக்கையின் பின்விளிம்பு முழுவதையும் ஒரே சுவிட்சில் ஏற்றி இறக்க முடிந்தது. ஒரு ஏர்ஃபாயில் பறந்துகொண்டே பல ஏர்ஃபாயில்களாக மாறும் வசதி அது. அதனால் ஏர்ஃபாயிலைத் தனியா, சர்வோவைத் தனியா தேர்ந்தெடுக்க முடியாதுங்கிறேன். இறக்கைக்குள்ள எத்தனை சர்வோ போகுது, மொத்த எடை என்ன, அதனால வேகம் என்ன, அதனால ரேனால்ட்ஸ் எண் என்ன? எல்லாம் ஒரே சங்கிலி.

வடிவங்களும் வந்தன. ஸ்டட்கார்ட் பேராசிரியர் ரிச்சர்ட் எப்லர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். இறக்கை மேல் காற்று எப்படி ஓட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதற்கான வடிவத்தைப் பிறகு கண்டுபிடிப்பது அவர் முறை. 1960-களில் மாடல் கிளைடருக்கென்றே அவர் தந்த ஈ-387 உலகமெங்கும் பறந்தது. ஆனா கணக்கில் வர்றது வேற, காத்துல வர்றது வேற. இவ்வளவு குறைந்த எண்ணில் டனலுக்குள் காற்று லேசாகக் கலங்கினாலே குமிழி இடம் மாறிவிடும். ஒரே ஏர்ஃபாயிலுக்கு ஒவ்வொரு டனலும் ஒவ்வொரு விடை சொல்லிச்சு.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்த வேலை 1980-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செஞ்சவங்க மைக்கேல் செலிக், ஜான் டோனவன், மாடல்காரரான டேவிட் ஃப்ரேசர். 60-க்கும் மேற்பட்ட ஏர்ஃபாயில்களைச் சோதிக்க, 30 சென்டிமீட்டர் அகலமுள்ள சோதனை இறக்கைகள் வேண்டும். அதையெல்லாம் செதுக்கி, தேய்ச்சு, அனுப்பிவச்சது யார் தெரியுமா? மாடல் கிளைடர் ஆர்வலர்கள். வீட்டுல உட்கார்ந்து, சம்பளமில்லாம.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்ததா அவங்க செஞ்ச விஷயம். கையால் செய்த இறக்கை வரைபடத்தில் உள்ளபடியே அச்சு அசலாக வராது. எனவே வந்த இறக்கைகளின் நிஜ வடிவத்தை அளந்து, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் முடிவுகளோடு சேர்த்து அச்சிட்டார்கள். மறைக்கவில்லை. 1989-இல் அந்தத் தொகுப்பு ‘சோர்டெக்’ என்ற மாடல்காரர்களின் வெளியீட்டின் 8-ஆம் இதழாக வந்தது. எஸ்டி-7037 மாதிரி புதிய வடிவங்கள் அந்த வேலையில் பிறந்தவை. எஸ் என்றால் செலிக், டி என்றால் டோனவன். பிறகு செலிக் இலினாய் பல்கலைக்கழகத்தில் சோதனையைத் தொடர்ந்தார். அங்கே அவர் குழு திரட்டிய ஏர்ஃபாயில் கோப்புகள் இன்று ஆயிரத்துக்கும் மேல். யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம்.

இன்னொரு கிளை எம்.ஐ.டி.யில். நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டன் பக்கத்துல இருக்கிறது. அங்கே மார்க் ட்ரேலா 1986-இல் எக்ஸ்ஃபாயில் என்ற மென்பொருளை எழுதினார். குமிழி எங்கே உட்காரும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள். மனிதக் கால்பலத்தால் பறக்கும் டெடலஸ் விமானத்திலும் அவர் இருந்தார். 1988 ஏப்ரல் 23 அன்று அது கிரீட் தீவிலிருந்து சான்டரினி வரை 115 கி.மீ. பறந்தது. அவரும் ஒரு மாடல்காரர்தான். கையால் சுழற்றி எறியும் கிளைடர்களுக்கு ஏஜி வரிசை ஏர்ஃபாயில்களை வடிவமைத்து, வரைபடங்களைப் பொதுவில் வைத்தார். எக்ஸ்ஃபாயிலும் இன்னைக்கு இலவசம்.

அப்போ, எந்த ஏர்ஃபாயில் போடணும்? பேரைக் கேக்காதீங்க, எண்ணைப் போடுங்க. எடையும் இறக்கைப் பரப்பும் வேகத்தைச் சொல்லும். வேகமும் அகலமும் ரேனால்ட்ஸ் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணில் யாராவது அளந்த ஏர்ஃபாயிலைத் தேடுங்க. சுக்கான் மட்டும் உள்ள எளிய கிளைடருக்கும், நாலு சர்வோ இறக்கைக்கும் ஒரே விடை வராது. உங்க கையால எவ்வளவு துல்லியமா செய்ய முடியும்ங்கிறதையும் சேர்த்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு. இன்னைக்கு வயலுக்கு மேல பறக்கிற, எல்லையில கண்காணிக்கிற சின்ன இறக்கை ட்ரோன்களில் பலதும் பறக்கிறது இதே ஒரு லட்சம், ரெண்டு லட்சம் எண்களில்தான். அதை வடிவமைக்கிறவங்க திறக்கிற கோப்புகளில், யாரோ ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வீட்டுல உப்புத்தாள் தேய்ச்சு அனுப்பின இறக்கையோட எண்களும் இருக்கு. அது வயலுக்குப் போகுமா, போருக்குப் போகுமான்னு அனுப்பினவருக்குத் தெரியாது. பொதுவில் வைத்த அறிவுக்கு இந்த ரெண்டு பக்கமும் உண்டு. நானாக இருந்தாலும் பொதுவில்தான் வச்சிருப்பேன். நீங்க என்ன செஞ்சிருப்பீங்கன்னு யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.