மரச்சீனியும் மீன்கறியும்

புதுக்கடை பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை எப்படி என்று விசாரித்தால், பேச்சு சீக்கிரமே மரச்சீனிக்கும் மீன்கறிக்கும் வந்துவிடும். இன்று ருசிக்காகக் காசு கொடுத்துச் சாப்பிடும் இந்தக் கிழங்கு ஒரு காலத்தில் ஏழைகளின் பசியைத் தீர்த்தது.

மரச்சீனியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. திருவிதாங்கூரில் இதன் விவசாயத்தை ஊக்குவித்தவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. புதுக்கடையும் அன்று அந்த சமஸ்தானத்தில்தான் இருந்தது.

1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. சோறு இல்லாத வீடுகளில் மரச்சீனிதான் வெந்தது. 1956 நவம்பர் 1இல் இந்தப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கடையில் கிழங்குக்கு மார்க் போடும்போது, அதைத் தின்று உயிர் பிழைத்த தலைமுறையையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.