பழைய காரில் பிரேக் பெடல் கல்லு மாதிரி இறுகுகிறதா? பூஸ்டர் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கோலார் தங்க வயலில் (கேஜிஎஃப்) இருந்து காரில் தமிழ்நாட்டுக்கு வருபவர்களுக்கு, வி.கோட்டா தாண்டிப் பேரணாம்பட்டு நோக்கி இறங்கும் மலைப்பாதை நன்றாகத் தெரியும். வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைக்க வேண்டிய ரோடு. அங்கே பெடல் திடீரென இறுகிப்போனால் 'பிரேக் ஃபெயிலியர்' என்றுதான் பதறத் தோன்றும்.

ஆனால் பெடல் இறுகுவது வேறு, தரைவரை இறங்குவது வேறு. தரைவரை இறங்கினால் பிரேக் ஆயில் கசிந்திருக்கலாம், லைனில் காற்று புகுந்திருக்கலாம். இறுகினால் பெரும்பாலும் பிரேக் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அதற்குத் துணை நிற்கும் பூஸ்டர்தான் கைவிட்டிருக்கும். முழு பலத்தோடு மிதித்தால் கார் நிற்கும். ஆனால் வழக்கத்தைவிடத் தள்ளிப் போய்த்தான் நிற்கும்.

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கேஜிஎஃப் தமிழ் இளைஞர்களில் பலருக்கு வேலை பெங்களூரில்தான். தினமும் ரயில் பயணம், வீட்டில் அப்பா வாங்கிய கார் சும்மா நிற்கும். ஓடாமல் நிற்கும் காரில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். பூஸ்டரின் உயிரே ரப்பர்தான்.

எல்லாப் பழைய காரிலும் பூஸ்டர் இருக்குமா?

இருக்காது. பிரீமியர் பத்மினியிலும் பழைய அம்பாசடர்களிலும் பூஸ்டர் கிடையாது. அவற்றின் பெடல் கொஞ்சம் கட்டையாக இருப்பது இயல்பு. 80-களில் வந்த காண்டெஸா, பிரீமியர் 118 என்.இ. போன்ற, முன்பக்கம் டிஸ்க் பிரேக் வைத்த கார்களில்தான் பூஸ்டரைப் பார்க்கலாம். பானெட்டைத் திறந்தால், டிரைவர் பக்கம் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் கறுப்பாக, வட்டமாக ஒரு தகர டப்பா தெரியும். அதுதான் பூஸ்டர்.

உள்ளே என்ன நடக்கிறது?

டப்பாவை டயாப்ரம் என்ற ரப்பர் தகடு இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடம், ஒரு ஹோஸ் வழியாக இரண்டு அறைகளுக்கும் வருகிறது. பெடலை மிதித்ததும் பின் அறையில் மட்டும் வெளிக்காற்று நுழைந்து டயாப்ரத்தை முன்னால் தள்ளும். 8 அங்குல டயாப்ரம், சென்னை மாதிரி கடல் மட்ட ஊரில், 200 கிலோவுக்கும் அதிகமான விசையைக் கொடுக்கும். டீசல் இன்ஜினில் இந்த வெற்றிடம் போதாது என்பதால் தனி வாக்யூம் பம்ப் இருக்கும், பெரும்பாலும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே.

கேஜிஎஃப் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால், சென்னையில் 18-20 அங்குலம் காட்டும் வாக்யூம் கேஜ் இங்கே 2, 3 அங்குலம் குறைத்துக் காட்டும். அதைப் பழுது என்று நினைத்து பூஸ்டரை மாற்றினால் காசுதான் வீண்.

வீட்டிலேயே சோதிக்கலாமா?

தாராளமாக. சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் உதவுகிறது. அசையவே இல்லையா? பிரச்னை ஹோஸில், வால்வில் அல்லது பூஸ்டரில்.

அடுத்து, இன்ஜினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். முதல் மிதிக்குப் பெடல் ஆழமாகவும், இரண்டாவது, மூன்றாவது மிதிக்குப் படிப்படியாக உயரத்திலும் நிற்க வேண்டும். முதல் மிதியிலேயே இறுகினால் வெற்றிடம் எங்கோ கசிகிறது. மிதிக்கும்போது 'உஸ்ஸ்' சத்தம் தொடர்ந்து வருவதும், ஐடிலிங் தடுமாறுவதும் டயாப்ரம் கிழிந்ததன் அடையாளம்.

உடனே பூஸ்டர் வாங்க ஓட வேண்டாம். ஹோஸில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஹோஸோடு வரும் சின்ன ஒருவழி வால்வைக் கழற்றி ஊதுங்கள்: பூஸ்டர் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. இந்த இரண்டுமே பூஸ்டரைவிட மிக மலிவு.

பிரேக் ஆயில் குறைகிறது, வெளியே கசிவே இல்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல்தான். அதன் பின் சீல் கசிந்து ஆயில் பூஸ்டருக்குள் இறங்கும். அப்போது பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதுசும் கெட்டுவிடும்.

பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைக்கும் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நல்ல பூஸ்டரிலேயே மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும்; மலைப்பாதையில் அது ரெண்டு வளைவுக்குக்கூடப் போதாது.

மாற்றும்போது எதில் கவனம் தேவை?

இதை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. பழைய பூஸ்டரை சாம்பிளாக எடுத்துக்கொண்டு பெங்களூரு ஜே.சி. ரோடு அல்லது சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். டயாப்ரம் அளவு, போல்ட் இடைவெளி, புஷ் ராடு நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். உடல் துருப்பிடிக்காத பழைய பூஸ்டரை ரிப்பேர் கிட் போட்டுச் சரிசெய்பவர்களும் உண்டு.

மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றி, பைப்புகளை வளைக்காமல் முன்னால் நகர்த்த முடிந்தால் ஏர் எடுக்கும் வேலை மிச்சம். பிறகு காருக்குள், பெடலோடு சேரும் பின்னையும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் நட்டுகளையும் எடுத்தால் பூஸ்டர் கையோடு வந்துவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பலர் கோட்டை விடுவது புஷ் ராடு அட்ஜஸ்ட்மென்ட்டில்தான். நீளம் குறைந்தால் பெடல் வெகுதூரம் இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கும். அதிகமானால் காலை எடுத்த பிறகும் பிரேக் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். வேலை முடிந்ததும் ஐந்தாறு கிலோமீட்டர் சமதளத்தில் ஓட்டி, இறங்கி சக்கரங்களின் அருகே கை வைத்துப் பாருங்கள். அதிகம் பிரேக் போடாமலே நான்கும் தகதகவெனக் கொதித்தால், மலைப்பாதைக்குக் கிளம்பாமல் வண்டியை நேராக வொர்க்‌ஷாப்புக்கே திருப்புங்கள்.