சென்டாரஸ் விண்மீன் கூட்டம்

சென்டாரஸ் தென்வானின் பெரிய விண்மீன் கூட்டங்களுள் ஒன்று. வட அகலக்கோடு 9.7 பாகையளவில் உள்ள யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில், மே நடுப்பகுதியில் இரவு 10 மணியளவில், இது பனங்கூடல்களுக்கு மேலே தெற்கில் நன்கு உயர்ந்து நிற்கும். இதிலுள்ள பெயர்பெற்ற விண்மீன் மண்டலமான என்.ஜி.சி. 5128 அப்போது அடிவானிலிருந்து ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் இருக்கும். வில்லியம் ஹெர்ஷல் வானை ஆராய்ந்த இங்கிலாந்தில் அது உதிப்பதே இல்லை. சென்டாரஸின் மண்டலங்கள் பிந்தி அறியப்பட்டதற்கு ஆய்வாளர் வாழ்ந்த இடமே காரணம் என்பர். அது பாதி உண்மை. அவர்கள் வானிடம் எதைக் கேட்டார்கள் என்பதே மற்றப் பாதி. கனமான பாதியும் அதுதான்.

யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கக் கணிதருக்கு வேண்டியவை ஞாயிறு, திங்கள், கோள்கள், அவற்றின் பாதையோர நாண்மீன்கள். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி வானியல் கற்பித்தது. எனினும் 1829 சந்திர கிரகணத்தையொட்டி செமினரித் தலைவர் டானியல் பூவருக்கும் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாருக்கும் எழுந்த வாதம் கணிப்பைப் பற்றியதே. தொலைநோக்கி இல்லாததே குறை என்று மறுக்கலாம். ஆனால் 1689 டிசம்பரில் பாண்டிச்சேரியில் தொலைநோக்கியோடு இருந்தார் இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ. வால்வெள்ளி ஒன்றை நோக்குகையில் ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் என்று கண்டார். மண்டலங்கள் அவர் தேடிய பொருளல்ல. 1677இல் சென் ஹெலினா தீவிலிருந்த வானியலாளர் ஹாலியும் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்தை மங்கலான ஒளியாகக் குறித்ததோடு சரி.

1826இல் ஆஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஜேம்ஸ் டன்லப், 9 அங்குலத் தொலைநோக்கி ஒன்றால் மங்கலானவற்றையே தேடித் தென்வானைத் துழாவினார். என்.ஜி.சி. 5128, 4945 இரண்டும் அகப்பட்டன. 1828இல் வெளிவந்த அவரது பட்டியலில் 629 பொருள்கள்; 1834 முதல் நன்னம்பிக்கை முனையில் ஆராய்ந்த ஜோன் ஹெர்ஷலுக்கு அவற்றுள் 211 மட்டுமே தென்பட்டன. அந்தக் குறையால் டன்லப்பின் உழைப்பைத் தள்ளிவிட முடியாது. 5128இன் ஒளியுருண்டையைக் குறுக்கே பிளக்கும் கரும்பட்டையை ஹெர்ஷலும் விவரித்தார். அது தூசிப்படலம் என இன்று அறிவோம். 1949இல் வானொலி வானியலாளர்கள் போல்டன், ஸ்டான்லி, ஸ்லீ மூவரும் வானொலி அலைகளின் மூலத்தைத் தேடி இதே மண்டலத்துக்கு வந்து சேர்ந்தனர். 1.2 கோடி ஒளியாண்டளவு தொலைவிலுள்ள அதன் நடுவில் சுமார் 5.5 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது.

ஒமேகா சென்டாரி சண்டிலிப்பாயில் வெறுங்கண்ணுக்கே மங்கலான விண்மீனாகத் தெரியும். பண்டைய வானியலாளர் தாலமியும் அதை விண்மீன் என்றே பதிந்தார். நமது பால்வழி விழுங்கிய சிறுமண்டலத்தின் எஞ்சிய கரு என்று இன்று பலர் கருதுகின்றனர். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 20 ஆண்டுகளுக்கு மேலாக எடுத்த படங்களில் 7 விண்மீன்கள் மிகை வேகத்தில் ஓடுவதைக் கண்ட ஆய்வாளர்கள், அங்கே குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதாக 2024இல் முடிவு கூறினர்.